அகரவரிசை ஊர்கள்

நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்திலிருந்து மேற்கே போகும் ரயில்பாதையில் இருக்கும் சில ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். க்ரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லண்ட், ஜூனியாட்டா, கெனிசா, லோவெல். ஆங்கில அரிச்சுவடியில் சி-யில் தொடங்கி எல் வரை ஒரு எழுத்துகூடத் தப்பாது. 1871லும் 1872லும் 'பர்லிங்டன் அண்ட் மிசௌரி ரிவர்' ரயில் கம்பெனி இந்தப் பாதையைப் போட்டபோது வைத்த பெயர்கள் இவை. புல்லைத் தவிர ஒன்றுமில்லாத வெளியில் தண்டவாளம் முன்னேற முன்னேற, அடுத்த எழுத்தை எடுத்து அடுத்த ஊருக்கு வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. நான் மானாமதுரை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் ஊர் முதலில் இருக்கும். கோயில் இருக்கும், கண்மாய் இருக்கும், நாலு தெருவும் அந்தத் தெருக்களுக்குள் நாற்பது சண்டையும் இருக்கும். அதற்கெல்லாம் பிறகுதான் வெள்ளைக்காரன் ரயிலைக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே ஒரு ஸ்டேஷனைக் கட்டுவான். இங்கே எல்லாம் தலைகீழ். ரயில் முதலில், ஊர் பிறகு, மனிதர்கள் கடைசியில். ஊருக்குப் பெயர் வைக்கிற நேரத்தில் அங்கே கூப்பிட ஆளே இல்லை.

வரிசைக்குள் அடங்காத ஊர்களும் நடுநடுவே உண்டு. டார்செஸ்டருக்கும் எக்ஸிட்டருக்கும் இடையில் ஃப்ரெண்ட் என்று ஓர் ஊர். தமிழில் நண்பன் என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அது அந்த நிலத்தில் குடியேறிய ஒருவருடைய குடும்பப்பெயர். கிராஃப்டனுக்கும் ஹார்வர்டுக்கும் இடையில் சட்டன். ரயில் வருவதற்குச் சற்று முன்பே ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்ட இடம் அது. இந்த இரண்டு ஊர்களையும் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். கம்பெனியின் நோட்டுப்புத்தகத்தில் கோட்டுக்கு வெளியே எழுதிய ஊர்கள்.

நாங்கள் இருக்கும் ஊரும் இந்தப் பக்கத்தில்தான், தண்டவாளத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊரில் டாக்டர் ஒருத்தியின் கணவன் எழுதும் கட்டுரையில், யாரையும் யாரும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

*

நாங்கள் இங்கே வந்தது ஆசைப்பட்டு அல்ல. மனைவி மதுரையில் மருத்துவம் முடித்து, மிச்சிகனில் குடும்ப மருத்துவத்தில் மேற்பயிற்சி செய்தாள். ஜே-1 விசாவில் பயிற்சிக்கு வரும் டாக்டர்கள், முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப்போய் இருக்க வேண்டும் என்பது விதி. அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. டாக்டர் கிடைக்காத ஊர் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். 1994லிருந்து இருக்கும் ஏற்பாடு. கான்ராட் என்ற செனட்டரின் பெயரால் அழைக்கப்படுகிறது. மாநிலம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 30 பேர். அமெரிக்காவின் சின்ன ஊர்களில் இந்திய, பாகிஸ்தானிய, நைஜீரிய டாக்டர்களை நீங்கள் பார்க்க நேர்ந்தால், பாதி பேர் இந்த வழியாக வந்தவர்களாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா. மகளைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, நடப்பது, படிப்பது. ஊரில் எனக்குப் பெயரே கிடையாது. "டாக்டரோட வீட்டுக்காரர்" அவ்வளவுதான். இதை எங்கள் அம்மாவிடம் வேடிக்கையாகச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, அங்க ஒருத்தருக்குமா உன் பேரு வாயில நுழையல?" என்றாள்.

முதல் மாதம் தூக்கமே இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவனுக்கு ரயில் சத்தம் தாலாட்டு என்று பெருமை பேசியவன்தான். ஆனால் மானாமதுரை மீட்டர்கேஜ் வண்டிகளுக்கு ஒரு மனிதத்தன்மை இருந்தது. வரும், நிற்கும், டீ குடிக்கும், போகும். இங்கே வருகிற சரக்கு வண்டிகள் நிற்பதே இல்லை. ஒன்றரை மைல் நீளத்துக்கு தானியப் பெட்டிகளும், எத்தனால் தொட்டிகளும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்களும் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு லெவல் கிராசிங்குக்கு முன்னும் ஹாரன் அடித்தாக வேண்டும் என்பது சட்டம். நீளம், நீளம், குட்டை, நீளம். எங்கள் ஊரில் மூன்று கிராசிங். கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

பயணிகள் ரயிலும் ஒன்று உண்டு. சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகும் 'கலிஃபோர்னியா ஸெஃபர்'. நெப்ராஸ்காவில் ஒமாஹா, லிங்கன், ஹேஸ்டிங்ஸ், ஹோல்ட்ரெஜ், மெக்குக் என்று ஐந்தே இடங்களில் நிற்கும். போகும்போதும் சரி வரும்போதும் சரி, நேரப்படி ஓடினால் மாநிலம் முழுவதையும் அது இருட்டிலேயே கடந்துவிடும். ராக்கி மலையைப் பயணிகள் பகலில் பார்க்க வேண்டும் என்பதற்காக அமைந்த கால அட்டவணை. இந்தச் சமவெளியில் பார்க்க ஒன்றுமில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். நானும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

*

பிறகு ஊரின் வடிவம் பிடிபடத் தொடங்கியது. சமவெளியின் ரயில் ஊர்கள் பலவற்றுக்கும் ஒரே வரைபடம்தான். தண்டவாளம் கிழக்கு மேற்காக ஓடும். அதற்குக் குறுக்கே ஒரே ஒரு கடைத்தெரு. தெருவின் அடியில் டிப்போ என்று அவர்கள் சொல்லும் ஸ்டேஷன். தண்டவாளத்தை ஒட்டி தானியக் குதிர். நம்மூர்க் குதிர் ஆள் உயரம் இருக்கும், இது பத்து மாடி உயரத்துக்கு வெள்ளைக் கான்கிரீட் உருளைகள். எட்டு மைல் தள்ளியிருந்தே தெரியும். இங்கே 'எலிவேட்டர்' என்றால் இதுதான். முதல் வாரம் ஒருவர் "எலிவேட்டர்கிட்ட வலதுபக்கம் திரும்புங்க" என்று வழி சொன்னார். மாடியே இல்லாத ஊரில் லிஃப்டை எங்கே தேடுவது?

ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கும் காரணம் உண்டு. நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். விவசாயி குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றிவந்து, விற்று, மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும். எனவே ஏழு, எட்டு, பத்து மைலுக்கு ஓர் ஊர். குதிரையின் களைப்பை வைத்து அளந்த நாடு இது. குதிரை போய் டிராக்டரும் லாரியும் வந்த அன்றே இந்த ஊர்களில் பாதிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மீதியை டீசல் எஞ்சின் பார்த்துக்கொண்டது. அதற்குத் தண்ணீர் தேவையில்லை, நிற்கத் தேவையில்லை.

கடிகாரம்கூட ரயிலுடையதுதான். 1883 நவம்பர் 18 வரைக்கும் ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து நண்பகல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ரயில் கம்பெனிகள் சேர்ந்து நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்தன. அரசாங்கம் அதைச் சட்டமாக்கியது 1918ல். முப்பத்தைந்து வருடம் ஒரு தேசம் கம்பெனியின் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறது.

நெப்ராஸ்காவில் பர்லிங்டனுக்கு அரசாங்கம் கொடுத்த நிலம் ஏறக்குறைய 24 லட்சம் ஏக்கர். சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று விட்டு ஒன்று. அதை விற்க அந்தக் கம்பெனி அடித்த சுவரொட்டிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பத்து வருடக் கடன், ஆறு சதவீத வட்டி, லட்சக்கணக்கான ஏக்கர். ஐரோப்பா வரைக்கும் ஆள் அனுப்பி விற்றார்கள். செக் மக்கள் வந்தார்கள், ஸ்வீடன்காரர்கள் வந்தார்கள், ரஷ்யாவில் குடியிருந்த ஜெர்மானியர்கள் சட்டனுக்கு வந்தார்கள். மழை குறைவான மண்ணாயிற்றே என்று கேட்டவர்களுக்குப் பதிலும் தயாராக இருந்தது. உழுதால் மழை வரும். கலப்பையின் பின்னால் மேகம் வரும் என்பதைக் கவிதையாகச் சொல்லவில்லை, அறிவியலாகச் சொன்னார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சாமுவேல் ஆஃகே அதற்கு விளக்கம் எழுதினார். சார்லஸ் டானா வில்பர் என்பவர் அதையே ஒரு வாசகமாக்கிப் பரப்பினார். 1880களில் நல்ல மழையும் பெய்து தொலைத்தது. 1890களில் வறட்சி வந்தபோது மக்கள் வந்த வழியே கிழக்கே திரும்பிப் போனார்கள்.

அதற்கும் முன்னால் 1874ல் வெட்டுக்கிளிகள் வந்தன. தண்டவாளத்தின் மேல் அவை நசுங்கி எண்ணெய்ப்பசையாகி, எஞ்சின் சக்கரங்கள் பிடிப்பில்லாமல் வழுக்கியிருக்கின்றன. வானத்தையே மறைத்த அந்த ராக்கி மலை வெட்டுக்கிளி இனத்தை 1902க்குப் பிறகு உயிருடன் யாரும் பிடித்ததில்லை. அது முட்டையிட்ட ஆற்றங்கரை மண்ணைக் குடியேறிகள் உழுததால் அழிந்திருக்கலாம் என்கிறார்கள். கலப்பையின் பின்னால் மழை வரவில்லை, ஆனால் இது நடந்தது.

காலி நிலம் என்று நான் மேலே எழுதியதை நானே கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டியிருக்கிறது. பானி மக்களின் நிலம் இது. அவர்கள் இங்கே மண்வீடு கட்டி, சோளம் பயிரிட்டு, வருடம் இருமுறை எருமை வேட்டைக்குப் போய் வாழ்ந்தவர்கள். அரிச்சுவடி ஊர்கள் முளைத்த அதே பத்தாண்டில் பானிகள் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். போகும்போது விதைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மண்ணில் அவை சரியாக விளையவில்லை. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு, மிச்சமிருந்த கொஞ்சம் விதைகளை நெப்ராஸ்காவில் கியர்னி பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் நம்பிக் கொடுத்தார்கள். இங்கே விளைந்தது. அறுவடை பானிகளுக்கே திரும்பப் போனது. இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் மனைவிக்கு ஆஸ்பத்திரிக்கே ஃபோன் பண்ணிச் சொன்னேன். "நோயாளி உள்ள இருக்காங்க, சாயங்காலம் பேசலாமா?" என்றாள்.

*

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. எண்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா இந்த ஊர் டிப்போவில் ஏஜென்ட். ஸ்டேஷன் மாஸ்டர், தந்தி அடிப்பவர், டிக்கெட் கொடுப்பவர், பார்சல் வாங்குபவர், எல்லாம் அவர்தான். டிப்போவின் மாடியிலேயே குடும்பம். "எங்க வீட்ல கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவே வேண்டாம். ரயில் போனா பாத்திரம் ஆடும். எந்தப் பாத்திரம் ஆடுதுன்னு பார்த்து அம்மா மணி சொல்லிடுவா" என்றார் ஒருமுறை.

1934 மே 26 அன்று முதல் ஸெஃபர் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு நிற்காமல் ஓடிய கதையை அவர் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பாராம். பளபளக்கும் எஃகு ரயில், டீசல் எஞ்சின், 1,015 மைல், 13 மணி 5 நிமிடம். ஊர் ஊராக மக்கள் தண்டவாள ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஒரு கழுதைக்குட்டியும் பயணம் செய்தது, விளம்பரத்துக்காக. பாட்டிக்குக் கழுதை விஷயம்தான் பிடிக்கும். எனக்கு வேறொன்று தோன்றியது. தங்கள் ஊரில் நிற்கப்போகாத ரயிலுக்குத்தான் இந்த மக்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

ஒருநாள் அவர் நிலவறையிலிருந்து ஒரு பொருளை எடுத்துவரச் சொன்னார். வளைத்த மரக்கழி. நுனியில் வளையம், கீழே கைப்பிடி. "இது என்னன்னு சொல்லு பார்ப்போம்."

பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. எங்கள் அப்பா மானாமதுரையில் பாயின்ட்ஸ்மேன். ஒற்றைப்பாதையில் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம் என்பதற்கு அடையாளமாக டிரைவரிடம் டோக்கன் கொடுக்க வேண்டும். பெரிய பிரம்பு வளையத்தில் தோல்பை, அதற்குள் டோக்கன். நிற்காமல் போகிற வண்டிக்கு பிளாட்ஃபாரத்தில் நின்று வளையத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், எஞ்சினில் இருப்பவர் கையை விட்டு வாரிக்கொண்டு போவார். அப்பாவின் வலது தோள்பட்டை கடைசிவரை சரியாகவே இல்லை. அமெரிக்காவில் டோக்கனுக்குப் பதில் காகிதம். தந்தியில் வந்த உத்தரவை மெல்லிய தாளில் எழுதி இந்த வளையத்தில் செருகி, பாட்டியின் அப்பா ஓடுகிற வண்டிக்கு நீட்டியிருக்கிறார். மழையிலும் பனியிலும் இரவு இரண்டு மணிக்கும்.

நான் எழுந்து, ஒரு காலை முன்வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை உயர்த்திக் காட்டினேன். அப்பா நிற்கிற மாதிரி. முகத்தை ஏன் திருப்ப வேண்டும் என்றால், கரித்தூளும் கல்லும் கண்ணில் தெறிக்கும். பாட்டி கொஞ்சநேரம் பேசவில்லை. "அப்பாவும் அப்படித்தான் முகத்தைத் திருப்புவார்" என்றார்.

அன்றிலிருந்து ஊரில் எனக்கு ஒரு பெயர் வந்தது. 'ரயில்காரன் மகன்.' பாட்டிதான் பரப்பியிருக்க வேண்டும். எலிவேட்டர் மேனேஜர் தானாகக் கூப்பிட்டு, நூற்றுப் பத்துப் பெட்டி வண்டிக்கு எப்படிச் சோளம் ஏற்றுகிறார்கள் என்று காட்டினார். வண்டி நிற்காமல், மனிதன் நடப்பதைவிட மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். மேலிருந்து குழாய் வழியாகச் சோளம் கொட்டும். முன்பெல்லாம் ஊருக்கு இரண்டு பெட்டி, நான்கு பெட்டி என்று சேர்த்துக்கொண்டு போவார்கள். இப்போது ரயில்வேக்கு முழு வண்டியாக வேண்டும், நீளமான பக்கப்பாதை வேண்டும். அது இல்லாத ஊர்களின் குதிர்கள் சும்மா நிற்கின்றன. "நாங்க பிழைச்சோம். பக்கத்து ஊர்க்காரன் இப்ப எங்ககிட்ட லாரியில கொண்டுவர்றான்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. பக்கத்து ஊரில் அவருக்கு மச்சான் இருக்கிறார்.

*

மனைவிக்கு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் காரில் சுற்றினோம். ஹேஸ்டிங்ஸுக்குத் தெற்கே ஒரு மணிநேரத்துக்குள், கான்சஸ் எல்லைக்கு அருகில் ரெட் கிளவுட். வில்லா கேதர் 1883ல் ஒன்பது வயதுச் சிறுமியாக வர்ஜீனியாவிலிருந்து ரயிலில் வந்திறங்கிய ஊர். நம்மில் சிலர் கேதரைப் படித்திருக்கலாம், படிக்காதவர்கள் 'மை ஆன்டோனியா'வில் தொடங்கலாம். தன் நாவல்களில் இந்த ஒரே ஊருக்கு பிளாக் ஹாக், ஸ்வீட் வாட்டர், ஹானோவர் என்று பெயர் மாற்றிப் மாற்றி வைத்தார். டிப்போ ஊருக்குள் இல்லை, தெற்கே ஒரு மைல் தள்ளி இருக்கிறது. சீர்செய்து வைத்திருக்கிறார்கள். ஊரின் இன்றைய மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடவில்லை. ஆனால் மாடியில் அரங்கம் உள்ள பழைய ஆப்பரா ஹவுஸ் இருக்கிறது, கேதரின் சிறுவயது வீடு இருக்கிறது, உழவே படாத 612 ஏக்கர் புல்வெளி இருக்கிறது. ஒரு எழுத்தாளரை வைத்து ஓர் ஊர் சோறு சாப்பிடுகிறது என்பது எனக்கு நம்ப முடியாத காட்சி.

'மை ஆன்டோனியா'வின் கதைசொல்லி ஜிம் பர்டன் பின்னாளில் என்னவாகிறான் என்பது முதல் வாசிப்பில் என் கண்ணில் படவே இல்லை. மேற்கத்திய ரயில் கம்பெனி ஒன்றுக்கு வக்கீல். தன் பால்யத்தின் புல்வெளியை அவ்வளவு ஏக்கத்தோடு நினைக்கிறவன், அதை வெட்டி விற்ற கம்பெனியின் சம்பளத்தில் இருக்கிறான். கேதர் இதை எங்கும் சுட்டிக்காட்டிப் பேசவில்லை. இங்கே வந்து வாழாமல் எனக்கு இது உறைத்திருக்காது.

இன்னொரு முறை கான்சஸின் கன்கார்டியாவுக்குப் போனோம். அங்கே பழைய டிப்போ ஒன்றில் அநாதை ரயில்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. 1854லிருந்து 1929வரை நியூயார்க் போன்ற கிழக்கத்திய நகரங்களிலிருந்து சுமார் இரண்டு லட்சம் குழந்தைகளை ரயிலேற்றி இப்படிப்பட்ட சின்ன ஊர்களுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் அநாதைகள் அல்ல, பலருக்குப் பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தார், வறுமைதான் காரணம். முன்கூட்டியே ஊரில் அறிவிப்பு ஒட்டுவார்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, டிப்போவிலோ சர்ச்சிலோ ஆப்பரா ஹவுஸ் மேடையிலோ வரிசையாக நிற்கவைப்பார்கள். ஊர்க்காரர்கள் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். சிலருக்கு நல்ல வீடு கிடைத்தது. சிலருக்குக் கொல்லையில் வேலை கிடைத்தது. அண்ணன் ஒரு ஊரில், தங்கை அடுத்த ஊரில். யாரும் எடுக்காதவர்கள் மறுபடி ரயிலேறி அடுத்த ஸ்டேஷன்.

அந்த ஊர் முழுக்க அந்தக் குழந்தைகளின் சின்னச் சின்ன வெண்கலச் சிலைகள். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒவ்வொரு சிலையிடமும் போய்க் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இந்தப் பாப்பாவோட அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்காங்க என்று சொன்னேன். மனைவி ஒன்றும் பேசாமல் காருக்குப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: "என்னையும் அப்படித்தாங்க நிக்க வெச்சாங்க. ஸூம்ல. பதினோரு ஊரு. எங்க எடுத்துக்குவாங்களோ அங்க போறதுன்னு." நான் சிரித்தேன். அவள் பாதி சிரித்தாள்.

*

இப்போது நான் தவிர்த்துக்கொண்டே வந்த விஷயத்துக்கு வர வேண்டும். மூன்று வருடம் இந்த ஜூலையில் முடிகிறது.

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதை நாங்கள் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். கர்ப்பிணிகள் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மனைவி வந்த இரண்டாவது குளிர்காலத்தில், பனிப்புயலில் சாலை மூடிய ஓர் இரவு, அவசரப் பிரிவில் ஒரு குழந்தையை எடுத்தாள். ஊரின் எல்லைக்குள் பல வருடங்களுக்குப் பிறகு பிறந்த முதல் குழந்தை. மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் ஏழு கேசரோல் பாத்திரங்கள். எல்லாவற்றிலும் மாட்டிறைச்சி. நாங்கள் சைவம் என்பது தெரிந்தபின் ஏழும் உருளைக்கிழங்காக மாறித் திரும்பி வந்தன.

அவளுக்கு முன் இருந்த டாக்டரும் மூன்று வருடம் முடிந்து போனவர்தான். அதற்கு முந்தியவரும். ஊருக்கு இது பழகிப்போன ஒன்று. நீராவி எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது போல டாக்டர்கள் நின்று போகிறார்கள். டல்லஸில் ஒரு பெரிய மருத்துவமனை அவளைக் கூப்பிடுகிறது. டல்லஸ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கோயில், தமிழ்ப் பள்ளி, முருங்கைக்காய், மகளுக்கு மகளைப் போலவே இருக்கும் குழந்தைகள். எனக்கு ஒரு நூலகம், நாலு இலக்கிய நண்பர்கள். இங்கேயே ஐந்து வருடம் முடித்தால் கிரீன் கார்டுக்கு வேறொரு வழியில் விண்ணப்பிக்கலாம் என்கிறார் வக்கீல். ஆனாலும் இந்தியர்களுக்கான வரிசை எப்படியும் நீளமானது. ஆகவே அது ஒரு காரணமே இல்லை. எங்கள் அம்மாவோ, இந்த வருடம் முடிந்ததும் ஊர்ப்பக்கமே வந்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். மூன்று வருடம் முன்பு அவளிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தோம்.

பாட்டி நேரடியாகக் கேட்டதில்லை. ஜனவரியில் மட்டும் ஒருமுறை, மனைவி அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அடுத்த டாக்டர் எந்த நாடுன்னு தெரியுமா?" என்றாராம்.

பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடலாமா என்று. நெப்ராஸ்காவில் பள்ளிப் பெயர்களில் நடுவே கோடு போட்டு இரண்டு ஊர்கள் இருக்கும். எக்ஸிட்டர்–மில்லிகன் என்பது போல. ஒவ்வொரு கோடும் ஒரு கல்யாணமும் ஒரு சாவும் சேர்ந்தது. பதினோரு பேர் ஆட ஆள் இல்லாததால் ஆறு பேர் ஆடும் கால்பந்தையே 1934ல் இந்த மாநிலத்தின் ஹீப்ரான் ஊரில்தான் கண்டுபிடித்தார்கள். குறைவதற்கேற்ப விளையாட்டையே மாற்றிக்கொள்ளும் மக்கள். ஆனால் பள்ளி போனால் ஊர் போய்விடும் என்ற பயம் மட்டும் அவர்களை விடவே இல்லை.

எங்களுக்கு ஓட்டு இல்லை. மகள் ஆகஸ்டில் மழலை வகுப்பில் சேர வேண்டியவள் என்பதால் போனோம். ஜிம்மில் மடக்கு நாற்காலிகள், காப்பி, இலவங்கப்பட்டை ரோல். சிலர் கத்தினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் 1950களில் செய்த ஒரு துரோகத்தை ஒருவர் எடுத்தார், இன்னொருவர் அதை உட்காரச் சொன்னார். அதுவரை மானாமதுரைதான். பிறகு பள்ளி வாரியத்துக்காரர் எழுந்து ஒரு தாளைப் படித்தார். வரும் வருடம் மழலை வகுப்பில் ஏழு குழந்தைகளாவது சேர்ந்தால் இன்னும் இரண்டு வருடம் இணைப்பைத் தள்ளிப்போடலாம். இல்லையென்றால் இந்த வருடமே வாக்கெடுப்பு. குழந்தைகளின் பெயர்களை விரல்விட்டு எண்ணினார். எல்லாரும் தெரிந்த பெயர்கள். எந்த வீட்டுப் பிள்ளை, எந்தப் பண்ணைப் பிள்ளை என்று. ஆறு வந்ததும் நிறுத்தினார்.

எங்களைப் பார்க்கவில்லை. தாளையேதான் பார்த்தார். அவருடைய மரியாதை அது. ஆனால் முன்வரிசையில் இருந்த பாட்டி திரும்பி உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

இரண்டு மாதமாக நானும் மனைவியும் இதைப் பற்றி இரவெல்லாம் பேசியிருக்கிறோம். ஒரு முடிவும் இல்லை. டல்லஸுக்குப் பதில் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவள் என்னைப் பார்த்தாள். வெளியே வண்டி வந்துகொண்டிருந்தது, முதல் கிராசிங்கில் ஹாரன் அடித்தது. ஊரில் ஹாரன் அடிக்கும்போது யாரும் பேச மாட்டார்கள், முடியட்டும் என்று காத்திருப்பார்கள். மூன்று கிராசிங்கும் முடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"ஏழு" என்றாள்.

அவர் தாளில் எழுதிக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை, கூட்டம் அடுத்த விஷயத்துக்கு, பேருந்துச் செலவுக்குப் போய்விட்டது. திரும்பும்போது பாட்டி என் கையில் மீதமிருந்த ரோல்களை ஒரு அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அவள் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காமல் அன்றிரவே டல்லஸுக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டாள். அம்மாவுக்கு யார் சொல்வது என்பதில்தான் இன்னும் இழுபறி. ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபோன் வரும்.